காஸ்பர் ரொய்ஸ்ட்: தியாகியா, கூலிப்படைத் தலைவரா?

மலைக்கோட்டையான்:
போப்பைக் காக்கும் சுவிஸ் காவல் படைக்குத் தளபதியாக இருந்த காஸ்பர் ரொய்ஸ்டை, விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்த தியாகி என்று ஆளாளுக்கு எழுதுகிறீர்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. 1506ல் போப் இரண்டாம் ஜூலியஸ் வரவழைத்த 150 பேரும் சம்பளத்துக்கு வந்தவர்கள்தான். ரொய்ஸ்டின் சொந்த ஊரான சூரிச் 1522லேயே அயல்நாட்டுப் படைகளில் சேரத் தடை போட்டது, அப்புறம் போப்பை ஏற்காத சீர்திருத்த சபைக்கும் மாறிவிட்டது. அவருடைய அப்பா அதே ஊரின் மேயராக இருந்தவர். அப்படியும் ரோமை விட்டு அவர் கிளம்பவில்லை என்றால், பதவி ருசிதான் காரணம்.

அந்தோணி:
பதவி ருசி கண்டவர், பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படை ரோமைத் தாக்கிய 1527 மே 6 காலையில் ஓடியிருப்பார், ஐயா. மதிலைத் தாண்டி நுழைந்த பெரும்படைக்கு எதிரே இவர்கள் 189 பேர், பேதுரு ஆலயத்துக்குப் பக்கத்தில் அன்று இருந்த கல்தூணின் அடியில் நின்று தாக்குப்பிடித்தார்கள். படுகாயத்தோடு வீட்டில் கிடந்த ரொய்ஸ்டை, ஸ்பானிய வீரர்கள் அங்கேயே புகுந்து, மனைவி எலிசபெத்தின் கண்ணெதிரே கொன்றார்கள். 147 பேர் மடிந்தார்கள். அவர்கள் வாங்கிக் கொடுத்த அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் மீதி 42 பேர் போப்பை மதில்மேல் ஓடும் பாதை வழியாக சான்ட் ஏஞ்சலோ கோட்டைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நம் ஊரில் இதற்குச் செஞ்சோற்றுக் கடன் என்று பெயர்.

மலைக்கோட்டையான்:
சரி, வீரத்தை நான் மறுக்கவில்லை. யாருடைய தப்புக்கு அவர் செத்தார் என்று கேட்கிறேன். பிரான்சோடு சேர்ந்துகொண்டு ஐந்தாம் சார்லஸைப் பகைத்தது அன்றைய போப் ஏழாம் கிளமென்ட். அப்புறம் போர்நிறுத்தத்தை நம்பி, செலவை மிச்சம்பிடிக்கப் படைகளைக் கலைத்தவரும் அவரே. கடைசியில் ஜூனில் சரணடைந்து 4,00,000 டக்கட் பொற்காசு மீட்புப் பணம் தர ஒப்புக்கொண்டார். சுவிஸ் படையைக் கலைத்து, ரோமைச் சூறையாடிய ஜெர்மன் கூலிப்படையிலிருந்தே 200 பேரைக் காவலுக்கு வைத்தார்கள். அந்த 147 பேருக்குக் கிடைத்த மரியாதை இதுதானா?

தமிழினி:
இதை மதச்சண்டை ஆக்காதீர்கள். சம்பளம் வராத ஆத்திரத்தில் வந்த படை அது. போப்பை எதிர்த்த லூத்தர் பக்கம் நின்ற ஜெர்மானியர்கள் அதில் இருந்தார்கள்தான், ஆனால் ரொய்ஸ்டைக் கொன்ற ஸ்பானியர்கள் அவரைப் போலவே கத்தோலிக்கர்கள்.

அந்தோணி:
கிளமென்ட் செய்த தப்பை ரொய்ஸ்ட் தலையில் கட்டாதீர்கள். காவலுக்கு நின்றவர் அரசியலைத் தீர்மானிக்கவில்லை. கலைத்த படையை 1548ல் போப் மூன்றாம் பவுல் மறுபடி அமைத்தபோது சுவிஸ்காரர்களைத்தான் தேடிக் கூப்பிட்டார். இன்றும் புதிய வீரர்கள் வழக்கமாக உறுதிமொழி எடுப்பது அந்த மே 6ஆம் தேதியில்தான்.