புதுப்பிப்பு: 85 மி.மீ. லென்ஸில் குவியம் (ஃபோகஸ்) பின்னால் விழுந்த சிக்கல் தீர்ந்தது

என் டிஎஸ்எல்ஆர் கேமராவில் 85 மி.மீ. எஃப்/1.8 லென்ஸின் துளையை முழுவதும் திறந்து முகங்களை எடுத்தால், கண்ணில் ஃபோகஸ் வைத்தாலும் காதோர முடியே தெளிவாக விழுகிறது என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். பொறுமையாகப் பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

லைவ் வியூவுடன் (கேமராவின் பின்திரையில் பார்த்து எடுக்கும் முறை) ஒப்பிடச் சொன்ன நண்பரின் யோசனைதான் பலன் தந்தது. முக்காலியில் கேமராவை நிறுத்தி, 4 மீட்டர் தொலைவில் சுவரில் ஒட்டிய செய்தித்தாளை எடுத்தேன். லைவ் வியூவில் பொடி எழுத்துகளின் புள்ளிகள்கூடக் கூர்மையாக இருந்தன. வியூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கும் துளை) வழியே எடுத்ததில் அவை கரைந்திருந்தன. முன்னதில் படம் பதியும் சென்சாரே குவியத்தை அளக்கிறது, பின்னதில் கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடிக்குக் கீழே தனியாக உள்ள சென்சார் அளக்கிறது என்பதால், லென்ஸின் கூர்மையில் குறையில்லை, அளவுகள்தான் ஒத்துப்போகவில்லை என்று உறுதியாயிற்று. ஃபோகஸ் விழும் இடத்தைச் சற்று முன்னும் பின்னும் நகர்த்தும் நுண்திருத்த மெனுவில் −20 முதல் +20 வரை உள்ள அளவில் −8 வைத்தபோது சரியானது. ஒவ்வொரு முறையும் ஃபோகஸ் வளையத்தை முடிவிலிக்கு (மிகத் தொலைவுக்கான நிலைக்கு) திருப்பிவிட்டு ஐந்து படங்கள் எடுத்துப் பார்த்தேன். ஒரே படத்தை நம்புவது தவறு.

எதிர்பாராதது ஒன்று: முதல் நாள் இரவு மஞ்சள் குண்டு பல்பின் ஒளியில் பார்த்தபோது −14 வந்தது. ஒளியின் நிறம் மாறினால் அந்தத் தனி சென்சாரின் கணிப்பும் நகரும். நான் பெரும்பாலும் பகலில் எடுப்பதால் பகல் வெளிச்சத்து அளவையே வைத்துக்கொண்டேன்.