7,000 வெள்ளி கான்ட்ராக்டா, 5,500 வெள்ளி நிரந்தரமா?

காலாங்_கரை:
வயசு 34, சிங்கப்பூரர். நாலு வருஷமா தனியா வெப்சைட் செஞ்சு கொடுக்கிறேன். போன வருஷ வரவுல செலவு போக, மாசத்துக்கு 7,000 வெள்ளி நிக்குது. பழைய வாடிக்கையாளர் ஒருத்தர் "எங்க டீமுக்கே வந்துடு, 5,500 தர்றோம்"ங்கிறார். கூட்டாளிங்க எல்லாம் "உனக்கென்ன கிறுக்கா"ன்னு கேக்குறாங்க. நீங்க சொல்லுங்க.

கோப்பி_கோசோங்:
தம்பி, ரெண்டையும் ஒரே தராசுல வைக்கிறதே தப்பு. 5,500க்கு மேல முதலாளி பங்கு 17 விழுக்காடு சி.பி.எஃப், அதாவது மத்திய சேமநிதி. அதுவே 935. ஆக 6,435 ஆச்சா? அப்புறம் லீவு. ஆறு மாசம் முடிஞ்சா சம்பளத்தோட 14 நாள் எம்.சி., அதான் மருத்துவ விடுப்பு, சட்டப்படியே உண்டு. நீங்க காய்ச்சல்ல படுத்தா இன்வாய்ஸும் கூடவே படுத்துக்கும்.

தேக்கா_இரவு:
அண்ணே, சம்பளத்துலேர்ந்து பிடிக்கிற ஊழியர் பங்கு 20 விழுக்காட்டை மட்டும் ஏன் முழுங்கிட்டீங்க? கையில வர்றது 4,400தான். அம்மாவுக்கு மாசச் செலவுக்குக் கொடுக்க சி.பி.எஃப்-லேர்ந்து உருவ முடியுமா?
இன்னொண்ணு. அஞ்சு வாடிக்கையாளர்ல ஒருத்தர் போனா அஞ்சுல ஒரு பங்குதான் போகும். 2023ல எங்க டீமை ஒரே காலையில கலைச்சாங்க, 11 பேர். மதியத்துக்குள்ள லேப்டாப்பைக் கொடுத்துட்டுக் கிளம்பணும். லிஃப்ட்ல யாரும் யார் மூஞ்சியையும் பார்க்கல. நிரந்தரமாம்!

கோப்பி_கோசோங்:
நோட்டீஸ் காசு வந்துச்சா, இல்லையா?

தேக்கா_இரவு:
வந்துச்சு.

கோப்பி_கோசோங்:
ஒருத்தர் 3,800 வெள்ளியை இழுத்தடிக்கிறார்னு போன வருஷம் இங்கதானே புலம்பினீங்க? அவர் என்ன நோட்டீஸ் கொடுத்தார்?

தேக்கா_இரவு:
ஸ்மால் கிளெய்ம்ஸ்ல, அதான் சின்னத் தொகை வழக்கைப் பார்க்கிற நடுவர் மன்றத்துல, போட்டு வாங்கிட்டேன். 20,000 வரைக்கும் அங்கேயே பார்க்கலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், வக்கீலை உள்ள விடமாட்டாங்க. ஆனா மூணு மாசம் அலைஞ்சேன். அதை மறைக்கல.

பிடோக்_அக்கா:
சண்டை இருக்கட்டும். தம்பி, வீடு வாங்கியாச்சா? பேங்குல கடன் கேட்டா, நிலையில்லாத வருமானத்துல குறைஞ்சது 30 விழுக்காட்டை வெட்டிட்டுத்தான் கணக்குப் பார்ப்பாங்க. உங்க 7,000 அங்க 4,900. அவங்க தர்ற 5,500 முழுசா நிக்கும். மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிற நான் இதை பேங்க் நாற்காலியில உக்காந்த பிறகுதான் தெரிஞ்சுக்கிட்டேன். வீட்டுக்காரர் சம்பளக்காரர், அதனால தப்பிச்சோம்.

புதுசா_வந்தவன்:
இ.பி-ல (வெளிநாட்டுக்காரங்களுக்கான வேலை பாஸ்) இருக்கிற எங்களுக்கு இந்தத் தலைவலியே இல்ல. பாஸ் எடுத்த கம்பெனியை விட்டுட்டு வெளியே சொந்தமா இன்வாய்ஸ் எழுத வழி கிடையாது. நடத்துங்க, வேடிக்கை பார்க்கிறேன்.

காலாங்_கரை:
அக்கா சொன்னது குத்துது. அடுத்த வருஷம் கல்யாணம், ரீசேல் வீடு தேடிக்கிட்டு இருக்கோம்.
இன்னைக்கு ஒப்பந்தம் வந்துச்சு. படிச்சா வேற கதை. "சுயேச்சை ஒப்பந்ததாரர்"னு போட்டிருக்கு. 12 மாசம். சி.பி.எஃப், லீவு பத்தி ஒரு வரி இல்ல. ஆனா காலை 9 முதல் 6 வரை ஆபீஸ்ல இருக்கணும், அவங்க லேப்டாப், வெளி வேலை எடுக்கக்கூடாது.

கோப்பி_கோசோங்:
கையெழுத்துப் போட்டுடாதீங்க! பேப்பர்ல என்ன பேர் வச்சாலும் நேரத்தை யார் முடிவு பண்றது, கருவி யாரோடது, லாப நஷ்டம் யார் தலையிலன்னுதான் பார்ப்பாங்க. நீங்க சொல்றதைப் பார்த்தா இது ஊழியர் வேலைதான். அந்த 17 விழுக்காடு எங்கேன்னு எழுத்துல கேளுங்க.

தேக்கா_இரவு:
அண்ணன் பேச்சுக்கு முதல் தடவையா தலையாட்டுறேன். ரெண்டு பக்கத்துக் கஷ்டத்தையும் உங்க தலையில கட்டிட்டு, ரெண்டு பக்கத்து லாபத்தையும் அவங்க எடுத்துக்கிறாங்க. 5,500க்கு நான் போகவே மாட்டேன்.

கோப்பி_கோசோங்:
சி.பி.எஃப்போட 5,500ன்னா போகலாம்.

தேக்கா_இரவு:
ஆரம்பிச்சுட்டார்.

காலாங்_கரை:
மெயில் போட்டுட்டேன். ஹெச்.ஆர். வியாழக்கிழமைதான் வருவாங்களாம். லீவுல இருக்காங்க. சம்பளத்தோட.