லினக்ஸ்ல பேஜ்மேக்கர் 7 ஓடுது, ஆனா தமிழ் எழுத்தே வரலை

கேட்டவர்: ரங்கூன் அச்சுக்காரன்

வணக்கம். யாங்கோன்ல சின்னதா டிசைன் வேலை பாக்குறேன், கோயில் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கருமாதி பத்திரிகை இப்படி. என் லேப்டாப்புல விண்டோஸ் 11 ஏறாது, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுபோச்சு, அதனால விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மிண்ட் போட்டுட்டேன், மத்த வேலைக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பன்னெண்டு வருஷ வேலை அத்தனையும் பேஜ்மேக்கர்ங்கிற பழைய பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேரோட ஃபைல்லதான் கிடக்கு. விண்டோஸ் சாஃப்ட்வேரை லினக்ஸ்ல ஓட்டுற வைன் போட்டு, அதுல இன்ஸ்டால் பண்ணா திறக்குது, ஆனா தமிழ் இருந்த இடம் பூரா இங்கிலீஷ் எழுத்து கண்டபடி வருது, பர்மிய வரியும் அப்படியே. தீமிதி நோட்டீஸ் வெள்ளிக்கிழமை பிரஸ்ஸுக்குப் போகணும். விர்ச்சுவல்பாக்ஸ்ல விண்டோஸ் போடலாமா? ரேம் 4 ஜிபிதான்.

பதில் 1: மோல்மேன் தம்பி

அண்ணே பயப்படாதீங்க, ஃபைல் கெடலை. நீங்க தமிழுக்கு பாமினி, பர்மியத்துக்கு வின் இன்வா போட்டிருப்பீங்கன்னு நினைக்கிறேன். ரெண்டும் பழைய காலத்து ஃபான்ட், ஃபைலுக்குள்ள இருக்கிறது இங்கிலீஷ் எழுத்துதான், அந்த ஃபான்ட்தான் அதுக்கு தமிழ் உருவமும் பர்மிய உருவமும் குடுக்குது. ஃபான்ட் இல்லைன்னா உள்ள இருக்கிறது அப்படியே வெளிய தெரியும். பழைய விண்டோஸ்ல இருந்த ஃபான்ட் ஃபைலை எல்லாம் எடுத்து உங்க ஹோம் ஃபோல்டர்ல மறைஞ்சிருக்கிற வைன் ஃபோல்டருக்குள்ள போங்க, அங்க டிரைவ் சி, அதுல விண்டோஸ், அதுல ஃபான்ட்ஸ், அங்க போட்டுட்டு பேஜ்மேக்கரை மூடித் திறங்க. ஃபான்ட் பேரு ஃபைல்ல இருக்கிற மாதிரியே இருக்கணும், ஒரே பாமினியை ஆளாளுக்கு வேற பேருல வச்சிருப்பாங்க, அதைப் பாத்துக்கங்க.

விர்ச்சுவல்பாக்ஸ் வேணாம்ணே. அது கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு முழு விண்டோஸ், 4 ஜிபில ரெண்டும் சேந்து திணறும். வைன் அப்படி இல்ல, சாஃப்ட்வேர் விண்டோஸ்கிட்ட கேக்கிறதை லினக்ஸ்கிட்ட கேட்டு வாங்கிக் குடுக்குது, அவ்வளவுதான், அதனால லேசா ஓடும். 1993லேர்ந்து எழுதிட்டு வர்றாங்க, பேஜ்மேக்கர் மாதிரி 2001 சாஃப்ட்வேருக்கெல்லாம் நல்லாவே வேலை செய்யும். ஆனா டாங்கிள், அதான் யூஎஸ்பில செருகுற லைசென்ஸ் பூட்டு, அதைச் செருகினாத்தான் ஓடும்கிற சாஃப்ட்வேர் இருந்தா அதை நம்பாதீங்க, அதோட டிரைவர் பெரும்பாலும் வைன்ல ஏறாது.

பதில் 2: பெகு அக்கா

தம்பி சொன்னதைச் செய்ங்க, வெள்ளிக்கிழமைக்கு அதுதான் வழி. ஆனா அதோட நிறுத்திடாதீங்க. லிப்ரே ஆபீஸ்ல இருக்கிற படம் வரையுற டிரா சாஃப்ட்வேரே பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கும், வைனே வேணாம். எனக்கு பத்தி எல்லாம் இடம் மாறித்தான் வந்துச்சு, ஆனா வாசகம் முழுசா வந்துச்சு. அதை எடுத்து யூனிகோடுக்கு, அதான் எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் குடுக்கிற இப்பத்திய பொது முறைக்கு, மாத்தி ஒரு காப்பி வச்சுக்கங்க. நம்ம மியான்மர்லயே 2019 அக்டோபர் 1ல ஸாவ்ஜிங்கிற பழைய பர்மிய ஃபான்ட் முறையை விட்டுட்டு யூனிகோடுக்கு வந்தாங்க, அப்ப எவ்வளவு பேர் பழசைப் படிக்க முடியாம அவதிப்பட்டாங்க! எங்க தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பாடத்தாளும் பாமினிலதான் இருந்துச்சு, அடிச்சவங்க போன பிறகு ஃபான்ட் யாருகிட்டயும் இல்ல, புள்ளைங்களுக்கு உக்காந்து திரும்ப அடிச்சேன். உங்ககிட்ட இப்ப ஃபான்ட் இருக்கு, இருக்கும்போதே மாத்திடுங்க.

கேட்டவர்: ரங்கூன் அச்சுக்காரன்

வந்துருச்சு! தமிழ் சுத்தமா வந்துருச்சு, ரொம்ப நன்றி தம்பி, நன்றிக்கா. நேத்து ராத்திரி கரண்டு வந்ததும் பண்ணேன். பர்மிய வரி மட்டும் ரெண்டு பத்திரிகைல வரலை, அது வேற ஃபான்ட் போல, தேடுறேன். ஆனா புதுசா அடிச்சா கேள்விக்குறியா விழுதே?

பதில் 3: மோல்மேன் தம்பி

தமிழ்99 கீபோர்டு ஆன்ல இருக்குண்ணே. அது யூனிகோட் அனுப்பும், பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தெரியாது. கீபோர்டை இங்கிலீஷுக்கு மாத்திட்டு ஃபான்ட் பாமினி வச்சு பழையபடி அடிங்க. பிரஸ்ஸுக்கு பிடிஎஃபா குடுங்க, ஃபான்ட் உள்ளயே சேந்திருக்கான்னு திறந்து பாத்துட்டு அனுப்புங்க.