604ஆம் ஆண்டு விதியைக் காட்டி இன்றைய ஜப்பானை விளக்கலாமா?

கடலோடி:
இளவரசர் ஷோடோகு 604இல் வகுத்ததாகச் சொல்லப்படும் பதினேழு விதிகளுள் முதலாவதே இணக்கத்தைப் போற்றுவதால், 'வா' எனப்படும் அந்த இணக்கம் ஜப்பானியரின் குருதியிலேயே ஊறியது என்று வைகறை நேற்று எழுதியிருக்கிறார். 587இல் சோகா குலமும் மோனோனோபே குலமும் போரிட்டு, மோனோனோபே தலைவர் கொல்லப்பட்டதற்குப் பின் வந்த விதி அது. மனிதர் யாவரும் கட்சி கட்டுகிறார்கள் என்று அதே முதல் விதி குறைபட்டுக்கொள்கிறது. அந்த வரியை மட்டும் வைகறை ஏன் விட்டுவிட்டார்?

வைகறை:
விதி பிறந்த காரணம் எதுவானாலும் அதன் பயன் இன்றும் நிலைக்கிறது. கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பேசி ஒப்புதல் பெறும் நெமாவாஷி வழக்கம் வேறு எதிலிருந்து வந்தது? நான் ஒசாகாவில் பணிபுரிந்தவன். கடலோடி எங்கே பணிபுரிந்தார்?

கடலோடி:
என் முகவரியைக் கேட்பதால் முதல் விதியின் இரண்டாம் வரி மறைந்துவிடாது. கருத்து வேறுபாடு இருப்பதால்தான் முன்கூட்டிப் பேச வேண்டியிருக்கிறது. 1960இல் மியிகே சுரங்கத் தொழிலாளர்கள் ஆட்குறைப்பை எதிர்த்து மாதக்கணக்கில் போராடினார்கள். அதே ஆண்டு அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்துப் பெருங்கூட்டம் நாடாளுமன்றத்தைச் சூழ்ந்தது, பிரதமர் கிஷி பதவி விலகினார். அவர்களெல்லாம் ஜப்பானியர் இல்லையா?

தணிகை:
இணக்கம் என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதை இருவரும் முதலில் வரையறுத்தால் நல்லது. மனத்தில் உள்ள ஹொன்னேயும் வெளியே காட்டும் ததேமாயேயும் வேறு வேறு என்று ஜப்பானியரே சொல்கிறார்கள்.

வைகறை:
வரையறை எனக்குத் தெளிவாகவே இருக்கிறது. தேநீர்ச் சடங்கு பற்றிய இழையிலும் கடலோடி இப்படித்தான் விதிவிலக்குகளை அடுக்கினார். முதல் விதி முதல் விதிதான்.

கடலோடி:
தேநீர்ச் சடங்கு இழையில் என் கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம். மினமாட்டா என்ற கடலோர ஊரில் சிஸ்ஸோ ஆலையின் பாதரசக் கழிவால் நோயுற்ற மக்களிடம் 1959 இறுதியில் ஒரு சிறு தொகையைக் கொடுத்து, இனி இழப்பீடு கேட்கமாட்டோம் என்று சிஸ்ஸோ நிறுவனம் எழுதி வாங்கியது. வெளியே பார்ப்பவருக்கு அதுவும் இணக்கமாகவே தெரிந்திருக்கும். நோயாளிகள் வழக்குத் தொடுத்து 1973இல் வென்றபோதுதான் குமாமோட்டோ நீதிமன்றம் அந்த ஒப்பந்தம் செல்லாது என்றது. ஊர் அமைதிக்காக வாய்மூடச் சொல்லப்பட்டவர்களை மறந்துவிட்டு அந்த அமைதியைப் பண்பாடு என்று கொண்டாடுவதை என்னால் ஏற்க முடியாது.

வைகறை:
ஒரு நிறுவனத்தின் குற்றத்தை ஒரு நாட்டின் பண்பாட்டின்மேல் ஏற்றுகிறீர்கள்.

கடலோடி:
பண்பாட்டின்மேல் நான் எதையும் ஏற்றவில்லை. முதல் விதியின் இரண்டாம் வரியைப் பற்றித்தான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.