காசநோய் மாத்திரையும் மாமாவின் மூத்திரப்பையும்

எங்கள் மாமா எண்பதுகளில் திருப்பூர்ச் சாயப்பட்டறையில் கிடந்தவர், ஊர் திரும்பி குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டினார், பீடி மட்டும் இரண்டு இடத்திலும் கூடவே இருந்தது. 2004இல் காசநோய் வந்து மாத்திரை தொடங்கிய இரண்டாம் மாதம் உள்ளங்காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றார், நடக்கும்போது செருப்பு கழன்று போனதுகூடத் தெரியாமல் வீடு வரை வந்திருக்கிறார். டாக்டர் வைட்டமின் பி6 மாத்திரை சேர்த்தார், சரியாகிவிட்டது, நாங்களும் மறந்துவிட்டோம்.

போன வருடம் மூத்திரத்தில் ரத்தம். வலி கிடையாது. அத்தை சூடு என்று சொல்லி இளநீராகக் கொடுத்துக்கொண்டிருந்தாள் (நானும் அதைத்தான் நம்பினேன்). திருவனந்தபுரத்தில் குழாய் விட்டுப் பார்த்தபோது மூத்திரப்பையில் புற்றுநோய்.

அங்கிருந்த டாக்டரம்மா பழைய வியாதியெல்லாம் கேட்டார். செருப்புக் கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டு, ஐசோனியாசிட் என்ற காசநோய் மாத்திரையைக் கழிக்கிற கல்லீரல் நொதி என்ஏடி2, மரபணுவிலேயே அது சிலருக்கு மெதுவாக வேலை செய்யும், மருந்து உடம்பில் தேங்கி பி6ஐக் காலி பண்ணும், அதனால்தான் கால் மரத்தது என்றார். சாயத்திலும் பீடிப் புகையிலும் உள்ள அரோமாட்டிக் அமீன் என்ற ரசாயனங்களைச் செயலிழக்கச் செய்வதும் இதே நொதிதானாம். அது மெதுவென்றால் அமீன் வேறு வழியில் மாறி, மூத்திரத்தோடு இறங்கி, பையின் உள்தோலைக் கெடுக்கும். சாயத் தொழிலாளர்களுக்கு இந்த நோய் வருவதை 1895இலேயே ஜெர்மனியில் லுட்விக் ரேன் என்ற மருத்துவர் கவனித்திருக்கிறார்.

அப்போ பிறவிக் கோளாறா என்று அத்தை அழ ஆரம்பித்தாள். இல்லையம்மா, நம் நாட்டில் பாதிப் பேருக்கு மேல் மெதுவான ரகம்தான், சாயமும் பீடியும் சேர்ந்ததுதான் வினை என்றார். மரபணுப் பரிசோதனை எழுதவில்லை, சிகிச்சை அதனால் மாறாது. தாத்தா தொண்ணூறு வரை பீடி குடித்தாரே என்று கேட்கிற சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, தாத்தாவின் நொதியை யார் பார்த்தது!

கட்டியைச் சுரண்டி எடுத்தாயிற்று. இப்போது வாரம் ஒரு தடவை, மொத்தம் ஆறு வாரம், பைக்குள் மருந்து விடுகிறார்கள், இரண்டு மணி நேரம் அடக்கி வைக்க வேண்டும். மருந்து என்ன தெரியுமா, பிசிஜி, குழந்தைகளுக்குக் காசநோய் வராமலிருக்கப் போடுகிற அதேதான். சொன்னதும் மாமா கடிகாரத்தைப் பார்த்தபடியே, “காசம் நம்மள விட்ட பாடில்ல மக்கா, கேட்டியா” என்றார்.