மெய்நிகராக்கத்தில் வலையமைப்பு வசதிகளுக்குப் பணம் கொடுத்தவர்களின் அனுபவங்கள்

முதல் பகிர்வு

சிறு அளவில் சர்வர் வாடகைத் தொழில் நடத்தும் நாங்கள் சிலர் சேர்ந்து, ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற திறமூல மென்பொருளில், இருக்கும் வலையமைப்பின் மேலேயே தனித்தனி மெய்நிகர் வலையமைப்புகளை அமைக்கும் விஎக்ஸ்லான் வசதியை உருவாக்கித் தருவதற்காகப் பணம் திரட்டினோம். வாடிக்கையாளர்களின் வலையமைப்புகளைப் பிரிக்க அதுவரை பயன்பட்ட விலான் முறையில் எண்கள் 4,094-ஐத் தாண்டாது. புதிய வாடிக்கையாளர் ஒவ்வொருவர் வரும்போதும் சர்வர்களை இணைக்கும் சுவிட்சிலும் நோடுகளிலும் (சர்வர்களிலும்) கைப்பட மாற்றம் செய்ய வேண்டியிருந்தது. விஎக்ஸ்லானின் அடையாள எண் 24 பிட் நீளமுடையது என்பதால், சுவிட்சைத் தொடாமலேயே ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட தனி வலையமைப்புகளுக்கு அதில் இடம் உண்டு.

நாங்கள் அமர்த்திய நிரலாளர் நேர்த்தியாக எழுதிக் கொடுத்தார். அது வேலையும் செய்தது. ஆனால் அடுத்த பெரிய பதிப்புக்கு மாறியபோது அதைத் திருத்திக் கொடுக்க ஆள் இல்லை. ஒருமுறை கொடுத்த பணம் நிரலை வாங்கித் தந்ததே தவிர, அதன் பராமரிப்பை வாங்கித் தரவில்லை.

இதே வசதி ப்ராக்ஸ்மாக்ஸின் மூலத் திட்டத்துக்குள் வளர்ந்த விதம் வேறு. ப்ராக்ஸ்மாக்ஸ் நிறுவனத்துக்கு வெளியே இருந்த ஒரு பங்களிப்பாளர் அடித்தளத்தில் பெரும்பகுதியை எழுதி அனுப்ப, வியன்னாவில் உள்ள அந்நிறுவனத்தின் பொறியாளர்கள் அதைச் சரிபார்த்து இணைத்தார்கள். 2020-இல் வந்த 6.2 பதிப்பில் சோதனை நிலையில் இருந்த எஸ்டிஎன் (விஎக்ஸ்லானை உள்ளடக்கிய, மென்பொருளால் வலையமைப்பை வகுக்கும் பகுதி), 2023 நவம்பரில் வந்த 8.1 பதிப்பில்தான் முழு ஆதரவைப் பெற்றது. அத்தனை ஆண்டுகள் சரிபார்ப்பவர்களுக்குச் சம்பளம் கொடுக்க உதவியது, சிபியு சாக்கெட் (சர்வரில் செயலி பொருத்தும் இடம்) கணக்கில் பலர் ஆண்டுதோறும் கட்டிய சந்தா. இப்போது நாங்களும் சந்தாவே கட்டுகிறோம். தனி வசதிக்காக உண்டியல் குலுக்குவதைவிட இதுவே பயனுள்ளது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாம் பகிர்வு

தங்கள் கருத்தில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆயினும் திரட்டு நிதிக்கும் ஓர் இடம் உண்டு. இதே வகை மென்பொருளான ஜென்சர்வரின் 7.3 பதிப்பில் இலவசப் பயனர்களுக்கு உயர் கிடைப்புநிலை (ஒரு சர்வர் நின்றால் அதிலிருந்த மெய்நிகர் கணினிகளை வேறொன்றில் தானே தொடங்கும் வசதி) நீக்கப்பட்டு, ஒரு பூலில் (ஒன்றாக நிர்வகிக்கப்படும் சர்வர் தொகுப்பில்) மூன்று சர்வர்களே என்ற வரம்பும் வந்தபோது, பிரான்சின் கிரெனோபிள் நகரில் ஜென்சர்வரை நிர்வகிக்க உதவும் ஜென் ஆர்கெஸ்ட்ராவை உருவாக்கிவந்த குழுவினர் 2018-இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளம் வழியாக நிதி கேட்டார்கள். நானும் ஒரு சிறு தொகை கொடுத்தேன். கேட்டதைவிடப் பல மடங்கு சேர்ந்து, அந்த வரம்புகள் இல்லாத மாற்றான எக்ஸ்சிபி-என்ஜி பிறந்தது. ஆனால் நான் பெரிதும் எதிர்பார்த்த வலையமைப்பு வசதி, அதாவது பல பூல்களில் இருக்கும் மெய்நிகர் கணினிகளை ஓப்பன் விசுவிட்ச் என்ற மென்பொருள் சுவிட்சின் சுரங்கங்களால் ஒரே தனி வலையமைப்பாக இணைக்கும் எஸ்டிஎன் கன்ட்ரோலர், அதன் பிறகே வந்தது. அதை எழுதியவர்களின் சம்பளம் ஆதரவு ஒப்பந்தங்களை நம்பியே இருந்தது. திட்டத்தைத் தொடங்கிவைக்கத் திரட்டு நிதி போதும், தொடர்ந்து நடத்த அது போதாது.

மூன்றாம் பகிர்வு

எங்கள் கல்லூரி ஆய்வகத்தால் சந்தா கட்ட இயலவில்லை என்பதால், பழைய சர்வர்களில் இத்தகைய மென்பொருள்களின் சோதனைப் பதிப்புகளை ஓட்டிப் பிழைகளை அறிவித்துவருகிறோம். ஒவ்வொரு தரவுப் பொட்டலத்திலும் விஎக்ஸ்லான் தலைப்புகள் 50 பைட் எடுத்துக்கொள்வதால், கீழடுக்கின் (அடியிலுள்ள உண்மை வலையமைப்பின்) எம்டியு, அதாவது ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு, 1,500 ஆக இருந்தால் மெய்நிகர் கணினியில் 1,450 என்று வைக்க வேண்டும். அப்படி வைக்காதபோது சிறிய சோதனைப் பொட்டலமான பிங் சென்று திரும்பும், பெரிய கோப்புகள் மட்டும் பாதியில் நிற்கும். இத்தகைய கோளாறுகளை எந்தப் பதிப்பில், எந்த அமைப்பில், எந்த நெட்வொர்க் அட்டையில் கண்டோம் என்று பதிவோடு எழுதி அனுப்பும்போது, சரிபார்ப்பவரின் பல மணி நேர வேலை மிச்சமாகிறது. பணம் கொடுக்க இயலாத மற்ற கல்லூரிகளும் இந்த வேலையில் சேர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.