ரோனி ஜேம்ஸ் டியோ: அத்தனை குழுக்களை விட்டு ஏன் விலகினார், அந்தக் குரல் எப்படி நிலைத்தது?

கேள்வி – இசைமாணவன்

வணக்கம். சில மாதங்களாக அமெரிக்க ஹெவி மெட்டல் பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோவின் பாடல்களை ஆண்டு வரிசைப்படி கேட்டு வருகிறேன். எல்ஃப், ரெயின்போ, பிளாக் சபாத், தம் பெயரிலேயே தொடங்கிய டியோ, மறுபடியும் சபாத், கடைசியாக ஹெவன் அண்ட் ஹெல் என்று குழுவுக்குக் குழு அவருடைய பயணம் துண்டு துண்டாகவே தெரிகிறது. ரெயின்போவின் கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோரோடும் ஒத்துப்போகவில்லை, சபாத்தின் கிட்டார் கலைஞர் டோனி அயோமியை விட்டும் இரண்டு முறை பிரிந்தார் என்னும்போது, அனுசரித்துப் போகத் தெரியாதவரோ என்ற எண்ணம் வருகிறது. ஆனால் 2007இல் நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மண்டபத்தில் பாடிய பதிவைக் கேட்டால் 64 வயதுக்காரரின் குரல் என்று நம்ப முடியவில்லை. முறையாகப் பாட்டுப் பயிலாத ஒருவருக்கு இது எப்படிக் கைகூடியது? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் – ஊதுகொம்பு

குரலைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் எங்கள் தேவாலய வாத்தியக் குழுவில் பல ஆண்டுகளாக ட்ரம்பெட் வாசிப்பவன் என்ற முறையில் அது எனக்கு நெருக்கமான விஷயம். 1942இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் போர்ட்ஸ்மத்தில் பிறந்து, நியூயார்க் மாநிலத்தின் கோர்ட்லாந்து என்ற சிற்றூரில் வளர்ந்த டியோவின் இயற்பெயர் ரொனால்ட் ஜேம்ஸ் படவோனா. சிறு வயதிலேயே அவர் ட்ரம்பெட் பழகத் தொடங்கிவிட்டார். பாட்டுக்கு ஆசிரியரை வைத்துக்கொள்ளாத தமக்கு மூச்சைக் கற்றுக்கொடுத்தது அந்த வாத்தியம்தான் என்று பிற்காலத்தில் அவரே பல முறை சொல்லியிருக்கிறார்.

ட்ரம்பெட்டில் தொண்டையை இறுக்கி ஊதினால் மேல் சுரங்கள் பிளிறுமே தவிர நிற்காது. அடிவயிற்றிலிருந்து காற்றைச் சீராக அனுப்பி, கழுத்தைத் தளர்வாக விட்டால்தான் ஒரு சுரத்தை நான்கு தாளம் அசையாமல் பிடிக்க முடியும். 1976இல் வெளிவந்த ரெயின்போவின் ‘ஸ்டார்கேஸர்’ பாடலை இந்தக் காதோடு கேளுங்கள். தன்னை வானுக்கு ஏற்றும் கோபுரத்தைக் கட்டச்சொல்லி மக்களை அடிமைகளாக்கும் மந்திரவாதியின் கதையை, அந்த அடிமைகளில் ஒருவனாக நின்று பாடுகிறார். எட்டு நிமிடத்துக்கு மேல் நீளும் அந்தப் பாட்டின் முடிவில் மியூனிக் பில்ஹார்மோனிக் இசைக்குழு முழுவதும் பின்னால் எழும்போதும் குரல் அதற்குள் மூழ்குவதில்லை. அங்கே அவர் கத்தவில்லை, ஊதுகிறார் என்றே எனக்குப் படுகிறது.

பதில் – பழைய கேசட்

அனுசரிக்கத் தெரியாதவர் என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. வயதைக் கணக்கிட்டுப் பாருங்கள். 1957இலேயே பள்ளித் தோழர்களோடு குழு தொடங்கியவருக்கு, ரெயின்போவின் முதல் ஆல்பம் வந்தபோது வயது 33. டியோ குழுவின் முதல் ஆல்பமான ‘ஹோலி டைவர்’ வந்த 1983 மே மாதத்தில் 40. ரெயின்போவுக்கு முந்தைய காலம் பெரும்பாலும் சின்னச் சின்ன அரங்குகளில் கழிந்தது. 1968இல் நடந்த சாலை விபத்தில் உடன் வாசித்த கிட்டார் கலைஞர் நிக் பாண்டாஸ் இறந்துபோனார். மிஞ்சியவர்களோடு மீண்டும் எழுந்து எல்ஃப் வரை வந்தவரை, சட்டென்று கோபித்துக்கொண்டு போகிறவர் என்று சொல்வது நியாயமில்லை.

ரெயின்போவிலிருந்து அவர் விலகியதற்குக் காரணம், வானொலியில் ஓடக்கூடிய எளிய பாடல்களைப் பிளாக்மோர் விரும்பியதும், மாயக் கதைகளை எழுதிவந்த இவர் அதற்கு இசையாததும்தான். அந்த விலகல் இல்லாவிட்டால் அவர் சபாத்தில் பாடிய 1980இன் ‘ஹெவன் அண்ட் ஹெல்’ ஆல்பம் நமக்குக் கிடைத்திருக்காது. டியோவுக்கு முன் சபாத்தின் பாடகராக ஓஸி ஆஸ்போர்ன் இருந்த காலத்தில், ‘அயர்ன் மேன்’ போன்ற பாடல்களில் குரல் கிட்டார் போகும் வழியிலேயே போகும். டியோ அந்த வழியைக் குறுக்கே வெட்டிப் பாடினார். தலைப்புப் பாடலில் அவர் வாய் திறந்ததும் அயோமியின் கிட்டார் பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்ள, கீசர் பட்லரின் பாஸும் ட்ரம்ஸும் மட்டுமே அடியில் நடப்பதைக் கவனியுங்கள். பாடகருக்காக ஒரு குழு தன் இலக்கணத்தையே மாற்றிக்கொண்ட இடம் அது.

சபாத்தை விட்டு முதல் முறை பிரிந்த கதை இது: 1982இல் அக்குழுவின் நேரலை ஆல்பத்தின் ஒலிக்கலவையில் டியோ தம் குரலை ரகசியமாக உயர்த்திவிட்டார் என்ற சந்தேகம் எழுந்தது. அவர் அதைக் கடைசி வரை மறுத்தார். மறுபடி சபாத்தில் இருந்த 1992இல், கலிபோர்னியாவின் கோஸ்டா மேசாவில் ஓஸியின் நிகழ்ச்சிக்கு முன்னோட்டமாகப் பாடச் சொன்னபோது மறுத்து வெளியேறினார். அந்த மேடைகளில் அவருக்குப் பதிலாக ஜூடாஸ் ப்ரீஸ்ட் குழுவின் பாடகர் ராப் ஹால்ஃபோர்ட் பாடினார். இந்த மறுப்பு சரி என்பதே என் கருத்து. இவ்வளவுக்கும் பிறகு 2006இல் அதே அயோமியோடும் பட்லரோடும் ஹெவன் அண்ட் ஹெல் என்ற குழுவாக மறுபடி சேர்ந்தார் என்பதையும் நாம் கணக்கில் எடுக்க வேண்டும்.

இசைமாணவன்

மிக்க நன்றி. வயதுக் கணக்கு என் எண்ணத்தை மாற்றிவிட்டது. இன்னொரு ஐயம்: ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் நீட்டிக் காட்டும் அந்தக் கொம்பு முத்திரை சாத்தானைக் குறிப்பதா?

பதில் – வடக்குவாசல்

இல்லை. அது திருஷ்டி கழிப்பது. இத்தாலிய வழி வந்த அவருடைய பாட்டி, யாராவது கண் வைத்துவிட்டார்கள் என்று தோன்றினால் அப்படி விரலைக் காட்டுவாராம். சபாத்தில் சேர்ந்தபோது, இரு விரல் உயர்த்தும் ஓஸியின் சமாதானக் குறியைத் தாமும் செய்வது முறையல்ல என்று எண்ணி, பாட்டியின் முத்திரையை மேடைக்குக் கொண்டுவந்தார். தாமே கண்டுபிடித்ததாக அவர் உரிமை கொண்டாடியதில்லை.

2009 ஆகஸ்டில் அட்லாண்டிக் சிட்டியில் பாடியதே கடைசி மேடை. நவம்பரில் வயிற்றுப் புற்றுநோய் தெரியவந்தது. 2010 மே 16 அன்று ஹூஸ்டனில் காலமானார். அவர் மனைவி வெண்டி, டியோவின் பெயரில் புற்றுநோய் நிதி ஒன்றை நடத்திவருகிறார். பல்கேரியாவின் கவர்னா நகரில் டியோவுக்குச் சிலை இருக்கிறது. 2009இல் ஹெவன் அண்ட் ஹெல் குழுவோடு வந்த கடைசி ஆல்பமான ‘தி டெவில் யூ நோ’வை நீங்கள் இன்னும் கேட்கவில்லை என்றால், முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேளுங்கள். நோய் தெரிவதற்குச் சில மாதங்களுக்கு முன் வெளிவந்த குரல் அது.